நாள் குறித்தார், நலம் கேட்டாரில்லை!

அசுவினியில் பிறந்தவன் குதிரை. அஸ்தத்தில் பிறந்தவள் எருமை. குதிரைக்கும் எருமைக்கும் ஜென்மப் பகை. ஆகவே இத்திருமணம் ஆகாது! பரணிக்காரன் யானை; அவிட்டத்துக்காரி சிங்கம். இதுவும் ஆகாது! இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது, தோழர்களே! பத்துப் பொருத்தங்களில் ஒன்று அது. யோனிப் பொருத்தம் என்று பெயர். தந்தை பக்கத்திலிருக்க, தாய் பக்கத்திலிருக்க, தாய்மாமன் தாம்பூலத் தட்டோடு காத்திருக்க, சோதிடர் கூசாமல் அச்சொல்லைச் சொல்லுகிறார். கேட்போரும் கூசாமல் தலையாட்டுகின்றனர். மணமக்களின் உடலின்பம் எவ்வாறிருக்கும் என்பதை விண்மீனைக் காட்டி, விலங்கின் பெயர் சொல்லி, விரல்விட்டு எண்ணிக் கூறிவிடுகிறார் அந்த மேதை. தட்சணை தனி.

அதே பெண், மணமாகி ஆறு திங்கள் கழித்துத் தாய்வீடு வந்து, "அம்மா, எனக்கு வலிக்கிறது" என்று சொல்லட்டும். அப்போது பாருங்கள், வெட்கம் எங்கிருந்தெல்லாம் பொங்கிவருகிறது! "சீச்சீ! இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுவார்களா? எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும்" என்கிறாள் தாய். தந்தை திண்ணைக்குப் போய்விடுகிறார். சோதிடர் வாயில் சாத்திரமாயிருந்த சொல், நோயுற்றவள் வாயில் ஆபாசமாகிவிடுகிறது! வயதறியா விண்மீனுக்குத் தெரியலாமாம். வலியறிந்த அவளுக்கு மட்டும் பேசத் தகாதாம்!

நாம் அவ்வலியைப் பற்றித்தான் எழுதப்போகிறோம். உடலுறவின்போது பெண்ணுக்கு உண்டாகும் வலி. அதற்கு மருத்துவம் உண்டு என்பதையும், அம்மருத்துவத்தின் பெரும்பகுதி கைகால் விழுந்தவரை எழுப்பி நடக்கவைக்கிறார்களே, அந்த இயன்முறை மருத்துவமே, பிசியோதெரபியே என்பதையும் எழுதப்போகிறோம். முகஞ்சுளிப்போர் இவ்விடத்திலேயே ஏட்டை மூடிவிடலாம். மூடும் கரம் யோனிப் பொருத்தம் பார்க்க ஜாதகம் நீட்டிய கரமாக இருந்தால், சற்றே வெட்கப்பட்டுவிட்டு மூடட்டும்.

எங்கோ ஒருத்திக்கு வரும் அபூர்வ நோய் போலும் என்று எண்ணவேண்டாம். பிரிட்டனில் 16 வயது முதல் 74 வயதுவரையுள்ளோரிடம் எடுத்த பெருங்கணக்கின் முடிவு 2017இல் வெளியாயிற்று. உடலுறவு வாழ்க்கையில் இருக்கும் பெண்களில் 100க்கு 7.5 பேர் வலியோடு இருப்பதாகச் சொன்னார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கழகமோ, வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இவ்வலியை அறியும் பெண்கள் நான்கில் ஏறக்குறைய மூவர் என்கிறது. வாய்திறந்து சொல்ல இடமுள்ள நாடுகளின் கணக்கு இது. வாயைக் கட்டிவைத்த நாட்டில் வலி குறைவாயிருக்கும் என்று எந்தப் பகுத்தறிவாளன் நம்புவான்?

கணக்கைவிடக் கண்கண்ட சான்று ஒன்று சொல்லுகிறோம். நம்மோடு ஒரே பள்ளியில் பணியாற்றும் கணக்கு ஆசிரியை ஒருவர். ஏழாண்டு மூத்தவர், அக்கா என்றே அழைப்போம். காலையும் மாலையும் ஒரே பேருந்தின் பின்னிருக்கையில் ஒன்றாய்ப் போய்வருவது வழக்கம். தேர்வுத் தாள் திருத்தும் நாளொன்றில் பேருந்து பழுதாகிச் சாலையோரம் நின்றுவிட, இருட்டும்வரை புளியமரத்தடியில் அமர்ந்து அவர் சொன்ன கதை இது. "பேரும் ஊரும் வேண்டாம், சேதியை எழுது" என்று இசைவு தந்தார், எழுதுகிறோம்.

மணமாகி நான்காண்டாகியும் குழந்தையில்லை. இல்லை என்பது ஊருக்குத் தெரியும். ஏன் இல்லை என்பது நான்கு சுவருக்கும் இரண்டு உள்ளங்களுக்கும் மட்டுமே தெரியும். சாந்தி முகூர்த்தம் என்று பஞ்சாங்கம் பார்த்து நாழிகை குறித்துக்கொடுத்த முதலிரவில், தொட்ட மாத்திரத்தில் உடல் கல்லாய் இறுகிற்று. கத்தியால் கீறினாற்போல் வலி. மறுநாளும் அதுவே. மறு வாரமும் அதுவே. பிறகு, பொழுது சாய்கிறதே என்று அஞ்சத் தொடங்கினார். அறுபது பிள்ளைகள் நிறைந்த வகுப்பை ஒரு பார்வையால் அடக்கும் பெண், விளக்கணைக்கும் ஓசைக்கு அஞ்சினார்!

கணவர் கொடியவரா? இல்லை. "என்னைப் பிடிக்கவில்லையோ" என்று அவர் மருகினார். "நான் பெண்ணே அல்லவோ" என்று இவர் மருகினார். ஒரே பாயில் இரண்டு ஊமைகள்.

மாமியார் சோதிடரிடம் ஓடினார். யோனிப் பொருத்தத்தில் குறை என்று கண்டுபிடித்தார் சோதிடர். (பத்தும் பொருந்துகிறது என்று முன்னர்ச் சொல்லி முகூர்த்தம் குறித்துத் தந்தவரும் அவரே என்பது வேறு செய்தி!) பரிகாரம் செய்தார்கள். பரிகாரம் பலித்தது; சோதிடருக்கு. அடுத்து, ஒரு கருத்தரிப்பு மையம். வாயிலில் பளிங்குத் தரை; உள்ளே கட்டணப் பட்டியல். ஸ்கேன் எடுக்கக் கருவியை உட்செலுத்த முயன்றபோது அக்கா அலறிவிட்டார். "இதுக்கே இந்தக் கத்து கத்தினா, நாளைக்குப் புள்ள எப்படிம்மா பெறுவே?" என்றாராம் பக்கத்தில் நின்ற செவிலி. ஊசி, மாத்திரை, இரத்தச் சோதனை, கணவருக்குச் சோதனை, கூட்டுறவுச் சங்கத்தில் கடன். "உங்களுக்குள் உறவு நடக்கிறதா? நடக்கும்போது வலிக்கிறதா?" காலணாச் செலவில்லாத இந்த இரண்டு கேள்விகளை அந்த மாளிகையில் ஒருவருங்கூடக் கேட்கவில்லை.

கேட்டவர், வேறொரு நோய்க்காகப் போன இடத்தில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர். கேட்டார், பொறுமையாய்ச் செவிமடுத்தார், இசைவு பெற்றுப் பஞ்சுக்குச்சியால் மெல்லத் தொட்டு எங்கே வலி என்று அறிந்தார். "இது தசை இறுக்கம்மா. உங்க தப்பு ஒண்ணுமில்ல. இதுக்குன்னு பிசியோதெரபி இருக்கு" என்று ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தார். "அந்த ‘உங்க தப்பு இல்ல’ங்கிற சொல்லுக்கே நாலு வருஷ பாரம் பாதி இறங்கிட்டுது" என்றார் அக்கா, அந்தப் புளியமரத்தடியில். அதன்பின் பன்னிரண்டு சனிக்கிழமைகள் கோயமுத்தூருக்குப் பேருந்தேறினார்.

அங்கே என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லுமுன், அந்தத் தசை எது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? பள்ளிப் புத்தகத்தில் இனப்பெருக்கம் என்று பாடம் உண்டு, படமும் உண்டு. கருப்பை உண்டு, கருமுட்டை உண்டு. அவற்றைத் தாங்கும் தசை எத்தனை பேருக்குத் தெரியும்? முன்புறத்து இடுப்பெலும்பிலிருந்து பின்புறத்து வால் எலும்புவரை, குழந்தைக்குக் கட்டும் தூளிபோல் ஒரு தசைத்தொகுதி தொங்குகிறது. இடுப்புத் தளத் தசை என்பர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அது. சிறுநீர் செல்லும் வழியும், யோனியும், மலம் செல்லும் வழியும் அதனூடேதான் இறங்குகின்றன. தும்மினால் சிறுநீர் சிந்தாமல் இறுகிக் காப்பது அது. கழிக்கும்போது தளர்ந்து வழிவிடுவதும் அதுவே. ஆணுக்கும் உண்டு அந்தத் தூளி. இதைப் படிக்கும் தோழர் தமக்கில்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

கண்ணெதிரே திடுமென விரலை நீட்டினால் இமை மூடுகிறது. மூடு என்று நாம் ஆணையிடுவதில்லை. மூடாதே என்று ஆணையிட்டாலும் அது கேட்பதில்லை. அதைப்போலவே இந்தத் தசையும், வலி வருமென்று அஞ்சிய கணத்தில் தானே இறுகிவிடுகிறது. இறுகிய தசையின்மேல் அழுத்தம் பட்டால் வலிக்கிறது. வலித்ததால் அச்சம் வளர்கிறது. வளர்ந்த அச்சம் அடுத்தமுறை இன்னும் விரைந்து இறுக்குகிறது. செக்குமாடு சுற்றுவதுபோல் ஒரு சுற்று! சிலருக்கு இதன் தொடக்கம் ஒரு பழைய புண். சிலருக்குப் பேறுகாலத்துத் தையல். சிலருக்குச் சிறுவயதில் ஒரு கயவன் தந்த காயம். பலருக்கு, "முதலிரவில் இரத்தம் கொட்டும், உயிர் போகும்" என்று காதில் ஓதிய கதைகள். யாதொரு காரணமும் புலப்படாதவர்களும் உண்டு.

எல்லா வலியும் தசை வலியே என்று நாம் சொல்லவில்லை. தொற்று இருக்கலாம், எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் சுரப்புக் குறைந்து வறட்சியால் வலிக்கலாம். ஆகவே முதலில் மருத்துவர், பிறகே பயிற்சி. மூலநோய் வேறாயிருந்தாலும், வலியோடு நெடுநாள் வாழ்ந்த உடலில் தசையும் இறுகப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைத் தனியே மாற்றவேண்டியிருக்கிறது.

இனி அந்தச் சனிக்கிழமைகள். முதல் நாள் தொடவேயில்லையாம்! முக்கால் மணி நேரம் பேச்சு. எப்போது வலி, எவ்விடத்தில் வலி, மலச்சிக்கல் உண்டா, சிறுநீரை அடக்கும் வழக்கம் உண்டா என்று கேள்விகள். (ஆசிரியைகளில் அடக்காதவர் யார்? பெண்களுக்குக் கழிப்பறையில்லாத பள்ளிக்கூடங்களின் கதையைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.) இடுப்பெலும்பின் மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்து, தசையைத் தொட்டுக்காட்டினார் பயிற்சியாளர். முப்பத்துமூன்று வயதில், பட்டம் இரண்டு பெற்ற பின்னர், தன் உடலின் படத்தைத் தான் முதன்முதலாகக் கண்டதாகச் சொன்னார் அக்கா.

பிறகு மூச்சு. வயிறு உப்ப மெல்ல மூச்சிழுக்கையில் உதரவிதானம் கீழிறங்குகிறது. அதனோடு இசைந்து அந்தத் தூளியும் தாழ்ந்து தளர்கிறது. இதை உணரவே இரண்டு வாரம். அடுத்து, இடுப்பையும் தொடையையும் நெகிழவைக்கும் நிலைகள்: முழங்கால் மடித்துக் கவிழ்ந்து படுத்தல், மல்லாந்து, கைக்குழந்தைபோல் பாதங்களைப் பிடித்துக்கொள்ளல், ஆழக் குந்துதல். தசையின் இறுக்கத்தைத் திரையில் கோடாய்க் காட்டும் கருவி ஒன்றும் உண்டு. இறுக்கினால் கோடு ஏறும், தளர்த்தினால் இறங்கும். தன்னால் தளர்த்த முடிகிறது என்று கண்ணாலே காணும்போது பாதி அச்சம் போய்விடுகிறது. நான்காம் வாரத்தில்தான், இசைவு கேட்டு, கையுறையிட்ட ஒரு விரலால், முடிச்சிட்டாற்போல் இறுகிய இடங்களை மெல்ல அழுத்தி, அவை தளரும்வரை காத்திருத்தல். "ஒவ்வொரு தடவையும் கேட்டாங்க. ‘இப்பத் தொடட்டுமா, நிறுத்தட்டுமா’ன்னு. என் வாழ்க்கையில யாரும் இப்படிக் கேட்டதில்ல" என்றார்.

அதற்கடுத்த படி, டைலேட்டர் எனப்படும் மழுங்கிய முனைக் குழல்கள். சுண்டுவிரல் பருமனில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாகும் ஒரு வரிசை. வழுவழுப்புக் களிம்பு தடவி, தம் வீட்டில், தம் கையால், தாமே பழகவேண்டும். வலித்தால் நிறுத்தவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் பழைய பாடத்தையே தசை மீண்டும் படிக்கும் அல்லவா? ஏழாம் வாரம் கணவரையும் வரச்சொன்னார்கள். அதே எலும்பு மாதிரி, அதே விளக்கம். திரும்புகையில் பேருந்தில், பொள்ளாச்சி தாண்டும்வரை பேசாதிருந்த மனிதர், "நாலு வருஷம் எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாராம். "நாலு வருஷம் நீங்க ஏன் கேக்கல?" என்றாராம் இவர்.

மூன்று திங்களில் முற்றும் நலம் என்று கதை முடிக்க நமக்கும் ஆசைதான். மூன்று திங்களில் அச்சம் போயிற்று. வலி போக இன்னும் சில திங்கள் ஆயிற்று. இன்று நலமாயிருக்கிறார். அது போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "கெகல் பயிற்சி" என்ற பெயரைத் தோழியர் பலர் கேட்டிருப்பீர்கள். அர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர், பேற்றுக்குப் பின் தளர்ந்துபோன இந்தத் தசையை உரப்படுத்த 1948இல் எழுதிய முறை அது. தளர்ந்த தசைக்கு நல்ல மருந்து. ஆனால் இறுகிக் கிடக்கும் தசையை மேலும் மேலும் இறுக்கச் சொன்னால் என்னவாகும்? சுளுக்கிய காலோடு ஓடச் சொல்லுவது போலாகும். எல்லா இடுப்பு நோய்க்கும் இறுக்கிப் பிடியுங்கள் என்று கண்டபடி உபதேசிப்போர் பெருகிவிட்டார்கள். தளர்த்தக் கற்பதே இவ்வலிக்கு முதற்பாடம்.

இது வெறும் கைவைத்தியம் என்று இகழ்வோருக்கு ஒரு சேதி. கனடாவில், யோனி வாயில் வலியால் துன்புற்ற 212 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மரத்துப்போகச் செய்யும் களிம்பும், மறு பிரிவுக்கு வாரம் ஒரு முறையாகப் பத்து வாரம் இயன்முறை மருத்துவமும் அளித்துப் பார்த்தார்கள். முடிவு 2021இல் வெளிவந்தது. இயன்முறை மருத்துவமே மேல். ஆறு திங்கள் கழித்துப் பார்த்தபோதும் அதுவே மேல். பிரான்சிலோ, பிள்ளை பெற்ற தாய்க்கு இடுப்புத் தளப் பயிற்சி பத்து அமர்வுகள், அரசின் காப்பீட்டுச் செலவிலேயே! சலுகையாக அன்று, வழக்கமாக.

"இதெல்லாம் மனநோய்" என்று சொல்லி ஒதுக்கும் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். மனநோயானால் மட்டும் ஒதுக்கலாமோ என்பது ஒருபுறமிருக்க, உலக சுகாதார நிறுவனமே தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில், 2022 முதல், இவ்வலியை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பாலியல் நலத்துக்கான தனி அத்தியாயத்தில் வைத்துவிட்டது. பட்டியல் மாறிவிட்டது, பட்டதாரிகளே!

"நம் பாட்டிமார் பத்துப் பெற்றார்களே, அவர்களுக்கெல்லாம் வலித்ததா?" ஆகா, இதுதான் அம்புறாத்தூணியின் கடைசி அம்பு! கேட்டீர்களா அவர்களை? ஒருத்தியையாவது உட்காரவைத்துக் கேட்டதுண்டா? ஒருத்தியின் சேதி ஏட்டில் இருக்கிறது, சொல்லுகிறோம். 1889இல் கல்கத்தாவில் புல்மணி தாசி என்று ஒரு சிறுமி. வயது பத்தோ பதினொன்றோ. கணவனின் வன்செயலால் இரத்தம் பெருகி இறந்தாள். அன்றைய சட்டத்தில் இசைவு வயது பத்து. பத்தைக் கடந்த மனைவி ஆதலால் வன்புணர்ச்சிக் குற்றம் சாட்ட இடமில்லாமற் போயிற்று! அந்த வயதைப் பன்னிரண்டாக்க 1891இல் மசோதா வந்தபோது, சாத்திரம் அழிகிறது, சம்பிரதாயம் அழிகிறது என்று கூச்சலிட்டார்கள். லோகமான்யர் என்று கொண்டாடப்படும் திலகரும் எதிர்த்தவர்களில் ஒருவர். பத்துப் பெற்ற பாட்டியைச் சான்றுக்கு அழைப்பவர்கள், பதினொன்றில் மாண்ட பாட்டியையும் அழைக்கட்டும்.

சாத்திரம் மட்டுமே குற்றவாளி, மருத்துவம் மாசற்றது என்று எழுதினால் அதுவும் ஒரு மூடநம்பிக்கை. வெள்ளையங்கியைக் கண்டால் விழுந்து வணங்கும் புது மூடநம்பிக்கை. இந்த இறுக்கத்துக்கு வெஜைனிஸ்மஸ் என்று பெயரிட்டவர் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற அமெரிக்கர். 1860களின் தொடக்கத்தில் இலண்டன் மருத்துவர் மன்றத்தின்முன் அதைப் பற்றிப் பேசியவர். அவர் கண்ட தீர்வு கத்தி! வழியை அறுத்து விரித்து, பின்னர்க் கண்ணாடிக் குழல் செருகுவது. அதற்கு முன்னமே, 1845 முதல் நான்கைந்து ஆண்டுகள், அலபாமாவின் மான்ட்கமரி நகரில், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள்மேல் மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் அறுவை செய்து கைப்பழக்கம் பெற்றவர் அவர். அனார்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் நெடுங்காலம் நின்றிருந்த அவருடைய சிலையை 2018 ஏப்ரலில் அகற்றினார்கள். பெண்ணின் வலியைப் பொருட்படுத்தாத மருத்துவம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு வெறுமையாய் நின்ற அந்தப் பீடமே சாட்சி. அறுத்தவரிடமிருந்து, "இப்பத் தொடட்டுமா?" என்று கேட்கும் கோயமுத்தூர்ப் பயிற்சியாளர்வரை மருத்துவம் நடந்து வந்திருக்கிறது. நெடுந்தொலைவுதான்.

சட்டம் நடந்ததா? 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவைப் புரட்டுங்கள். பதினெட்டு நிறைந்த மனைவியிடம் கணவன் இசைவின்றி உறவு கொண்டால் அது வன்புணர்ச்சி ஆகாது என்று விலக்கு இன்னும் நிற்கிறது! கையுறையிட்ட ஒரு விரலுக்கு இசைவு கேட்கவேண்டும் என்கிறது மருத்துவம். கேட்கவேண்டியதில்லை என்கிறது சட்டம். வலியால் இயலாத பெண்ணுக்கோ, 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், 12ஆம் பிரிவு, காத்திருக்கிறது: உறவுக்கு இயலாமை என்று சொல்லித் திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். வழக்கறிஞர் வீட்டுக்கு வழி தெரிகிறது ஊருக்கு. பன்னிரண்டு சனிக்கிழமைகளுக்கு வழி தெரியவில்லை.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு சொல். இராகுகாலத்தில் மணமுடிக்கும் துணிவு உங்களுக்கு உண்டு. புரோகிதரை விலக்கினீர்கள், பஞ்சாங்கத்தைக் கிழித்தீர்கள், மேடையில் மாலை மாற்றி, மனிதனும் மனிதியும் சமம் என்று முழங்கினீர்கள். நன்று! ஆனால் மேடையிலிருந்து இறங்கி அறைக்குள் போனதும், பூச்சரம் தொங்கும் அதே கட்டில், பால் செம்பு, மறுநாட் காலை நண்பர்களின் அதே கண்சிமிட்டல், "என்னப்பா, முடிந்ததா?" என்ற அதே கேள்வி! நாழிகை குறித்த ஐயரை அனுப்பிவிட்டு, நாழிகையை மட்டும் வைத்துக்கொண்டீர்களே! முதலிரவு என்பது ஒரு தேர்வு அன்று. அன்றே எழுதி அன்றே தேறவேண்டும் என்று எந்த உடற்கூற்று நூலிலும் இல்லை. அவள் முகம் சுளித்தால் அதை நாணம் என்று படிக்கச் சொல்லிக்கொடுத்தவை திரைப்படங்கள். அது வலியாக இருக்கலாம். கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை கிடைக்கும்வரை பொறுங்கள்.

தோழியரே, கொஞ்சம் மது அருந்தினால் சரியாகும், ஒரு பிள்ளை பெற்றால் சரியாகும், பொறுத்துக்கொண்டால் பழகிவிடும் என்று அறிவுரை பகர்வோர் அன்பினால்கூடச் சொல்லக்கூடும். பொறுத்துக்கொண்டு பழகுவது தசையன்று, அச்சம்தான்.

இனி அரசைக் கேட்கிறோம். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. பக்கவாதத்தில் விழுந்த முதியவரின் காலைப் பிடித்து நடைபழக்க ஓர் அரசுப் பணியாளர் குக்கிராமத்துக்கு வருகிறார் என்றால், அது இந்நாட்டுக்குப் பெருமை, நாம் மகிழ்கிறோம். அதே கையால், அதே அறிவால், தீரக்கூடிய இன்னொரு வலிக்கு மட்டும் பன்னிரண்டு சனிக்கிழமை பயணமும், கட்டணமும், பள்ளிக்கு விடுப்பும் ஏன்? ஆசிரியைக்குச் சம்பளம் உண்டு, போய்வந்தார். களையெடுக்கும் கூலிப் பெண் எந்தச் சனிக்கிழமையில் போவாள்?

சென்ற திங்கள் நம் வட்டத்து அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தோம். இயன்முறை மருத்துவப் பிரிவு உண்டு. ஒரு பெரிய கூடம், நடைபழகும் கம்பிகள், தோளுக்குக் கயிறும் கப்பியும், நான்கு கட்டில்கள். பணியிலிருந்தவர் நல்ல மனிதர். "படிப்பில் இது உண்டு அம்மா, மேற்பயிற்சிக்கு அனுப்பினால் எங்கள் பெண் பணியாளர்கள் கற்றுவருவார்கள். ஆனால் இங்கே பாருங்கள், இந்தக் கூடத்துக்குக் கதவே இல்லை" என்றார். உண்மைதான். ஒரு பச்சைத் திரை, அதுவும் பாதி.

ஆகவே ஒரு மனு எழுதினோம். தாழ்ப்பாளுள்ள ஓர் அறை. இதற்கென மேற்பயிற்சி பெற்ற ஒரு பெண் இயன்முறை மருத்துவர், வாரத்தில் ஒரு பிற்பகலாவது. அன்றியும், பிள்ளைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி போட வரும் தாயிடம் கிராம சுகாதாரச் செவிலியர் பிள்ளையின் எடையைக் கேட்பதோடு, "தையல் வலிக்கிறதா? உறவில் வலி உண்டா?" என்றும் கேட்டு ஏட்டில் குறித்துக்கொள்ளவேண்டும். இவ்வளவே. கையெழுத்திட்டோர் நாற்பத்தொருவர், அவர்களில் ஆண்கள் ஒன்பது பேர். பெயர் வேண்டாம் என்ற அக்கா, மனுவில் முழுப்பெயரும் பதவியும் எழுதி மூன்றாவதாக ஒப்பமிட்டார். அவருக்குக் கீழே அவர் கணவர்.

மனுவை நீட்டினோம். எழுத்தர் முதற் பக்கத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். "இத எந்தப் பிரிவுக்கு அனுப்புறதும்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"முழங்கால் வலிக்கு எந்தப் பிரிவோ, அந்தப் பிரிவுக்குத்தான்" என்றோம், குரலைத் தாழ்த்தாமல். முத்திரை குத்தி, எண்ணிட்டு வாங்கிக்கொண்டார்.